மனசால தூக்குற எடை

இந்த வாரம் கொஞ்சம் வேற மாதிரி ஒரு விஷயம். பொறுமையா படிங்க.

1992-ல அமெரிக்காவோட அயோவா பல்கலைக்கழகத்தில் குவாங் யூ, கெல்லி கோல்னு ரெண்டு ஆய்வாளர்கள் சுண்டுவிரலை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. ஒரு குழு, சுண்டுவிரலைப் பக்கவாட்டில் முழு பலத்தோட தள்ளிப் பயிற்சி செய்யணும். இன்னொரு குழு விரலை அசைக்கவே கூடாது, அதே மாதிரி தள்ளுறதா மனசுல மட்டும் நினைக்கணும். மூணாவது குழுவுக்கு எந்த வேலையும் இல்லை. நாலு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள். நிஜமா பயிற்சி செஞ்சவங்களுக்கு விரல் பலம் 30 சதவீதம் கூடுச்சு. நினைச்சவங்களுக்கு 22 சதவீதம். சும்மா இருந்தவங்களுக்கு 4 சதவீதம்கூட இல்லை.

2004-ல கிளீவ்லேண்ட் கிளினிக்கில் இதையே 12 வாரம் செஞ்சு பார்த்தாங்க, ஒரு நாளைக்கு 15 நிமிஷம். கற்பனை மட்டும் செஞ்சவங்களோட சுண்டுவிரல் பலம் 35 சதவீதமும், முழங்கையை மடக்குற தசையோட பலம் 13.5 சதவீதமும் கூடுச்சு. விரலை நிஜமா அசைச்சுப் பயிற்சி செஞ்ச குழுவுக்கு 53 சதவீதம். நிஜ உழைப்புதான் பெருசு, அதுல சந்தேகமே வேண்டாம்.

இதுல மாயம் ஒண்ணும் இல்லை. நினைக்கிறதால தசை பருத்துடாது. நம்ம பலத்துல ஒரு பங்கு தசையோடது, இன்னொரு பங்கு அந்தத் தசைக்கு மூளை அனுப்புற கட்டளையோடது. எத்தனை நரம்பிழைகளை ஒரே நேரத்துல எழுப்ப முடியும்ங்கிறது பழக்கத்தால் வர்றது. அந்தப் பழக்கத்தைக் கை அசையாமலும் கொஞ்சம் வளர்க்கலாம். ஹார்டுவேர் பழசுதான், டிரைவர் மட்டும் அப்டேட் ஆகுதுன்னு வச்சுக்கோங்க.

(கவசத்துல தலையில இருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா சொல்றோமே, அதனாலதான் பலம் வருதுன்னு யாரும் ஃபார்வர்ட் கிளப்பிடாதீங்க. கவசம் கேக்குறது காப்பு. இது வேற.)

இதைப் படிச்சதிலிருந்து என்னைக் குடையிற கேள்வி இதுதான். மனசால செய்யுற முயற்சியை முயற்சின்னு கணக்குல எடுக்கணுமா?

தப்பு விஷயத்துல நாம ரொம்பக் கறாரா இருக்கோம். அடுத்தவன் பொருளைத் திருடணும்னு மனசால நினைக்கிறதே தீமைன்னு கள்ளாமை அதிகாரத்துல வள்ளுவர் சொல்லிட்டார், நாமளும் ஒத்துக்கிறோம். ஆனா நல்லதுன்னு வரும்போது மட்டும் "நினைச்சா ஆச்சா, செஞ்சு காட்டு"ன்னு கேக்குறோம். ஆபீஸ்ல காலை மீட்டிங்கில் "நேத்து முழுக்க யோசிச்சேன்"னு சொல்லிப் பாருங்க, மேனேஜர் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். நினைப்புக்குக் குற்றத்துல பங்கு உண்டு, உழைப்புல பங்கு கிடையாதுங்கிறது எனக்கு நியாயமாப் படலை.

போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் வலியைவிட அவங்களை வாட்டினது "சும்மா உக்காந்திருக்கேனே"ங்கிற நினைப்புதான். வந்து பார்த்த சொந்தக்காரங்களும் "நல்லா ரெஸ்ட் எடுங்க"ன்னு சொன்னாங்க, அதுவே அவங்களுக்குக் குத்தலாப் பட்டுச்சு. கட்டைப் பிரிச்ச அன்னைக்கு டம்ளரைத் தூக்க முடியலை. "கை மறந்து போச்சுடா"ன்னாங்க. நான் அப்போ அதைச் சும்மா ஒரு பேச்சாத்தான் எடுத்துக்கிட்டேன்.

ஆனா அது கிட்டத்தட்ட சரியான வார்த்தை. 2014-ல ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பிரையன் கிளார்க் குழு, நல்லா இருந்தவங்க மணிக்கட்டுக்கே நாலு வாரம் கட்டுப் போட்டுப் பார்த்தாங்க. சும்மா இருந்தவங்க 45 சதவீதம் பலத்தை இழந்தாங்க. அதே கட்டோட, வாரத்துக்கு அஞ்சு நாள், மணிக்கட்டை முழு பலத்தோட அழுத்துறதா நினைச்சு, அஞ்சு விநாடி அழுத்தம் அஞ்சு விநாடி ஓய்வுன்னு செஞ்சவங்க இழந்தது 24 சதவீதம். வெளியில இருந்து பார்த்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சும்மா உக்காந்திருக்கிறவங்கதான். ஒருத்தர் உள்ளுக்குள்ள வேலை செஞ்சிருக்கார்.

அப்போ பகல் கனவும் உழைப்பான்னு கேப்பீங்க. இல்லை. 1999-ல பாம், டெய்லர்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களை வச்சுப் பார்த்தாங்க. பரீட்சைல நல்ல மார்க் வாங்கின சந்தோஷத்தைத் தினம் கற்பனை செஞ்சவங்களைவிட, எங்க உக்காந்து எப்படிப் படிக்கப் போறேன்னு கற்பனை செஞ்சவங்க நல்ல மார்க் வாங்கினாங்க. கண்ணாடி முன்னாடி சிக்ஸ் பேக்கோட நிக்கிற மாதிரி நினைக்கிறது ரீல்ஸ் பார்க்கிறதுக்குச் சமம். கை நடுங்குற பத்தாவது தடவையை நினைக்கிறது வேலை.

திருநின்றவூர் பூசலார் நாயனார் கதையை இந்தக் கண்ணோட கொஞ்சம் பாருங்க. காசு கிடைக்கலைன்னு மனசுலயே சிவனுக்குக் கோயில் கட்டினார்னு மட்டும் நாம சொல்லிட்டுப் போயிடுறோம். பெரியபுராணம் சொல்றது அவ்வளவு சுருக்கமா இல்லை. பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேர்ந்தெடுத்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், ராத்திரியும் தூங்காம கட்டினார், சுதை வேலை முடிச்சு, கிணறு எடுத்து, மதில் வளைச்சு, அதுக்கப்புறம்தான் குடமுழுக்குக்கு நாள் குறிச்சார். நேரா கும்பாபிஷேகத்தைக் கற்பனை செய்யலை. காஞ்சியில கல்லால கட்டின பல்லவ ராஜா தன்னோட நாளைத் தள்ளிப் போட வேண்டியதாச்சு.

ஒரு பயமும் இருக்கு. "மனசுல நினைச்சாலே பலம் வரும்"னு நாலு பேர் பிடிச்சுக்கிட்டா, படுக்கையில இருக்கிறவங்களைப் பார்த்து "நீ சரியா நினைக்கலை, அதான் எந்திரிக்கலை"ன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. அது கொடுமை. இந்த ஆய்வுகள் எல்லாம் சின்னக் குழுக்கள், பெரும்பாலும் ஆரோக்கியமான உடம்புகள். நரம்பே அறுந்தவருக்கு இதுல எந்த வாக்குறுதியும் இல்லை. இன்னொருத்தருக்கு ஒரு வழியா இதைச் சொல்லலாம், குறையாச் சுமத்தக் கூடாது.

கிளீவ்லேண்ட்ல கற்பனை செய்யும்போது தசை நிஜமா அசையுதான்னு மின்கருவி வச்சுக் கண்காணிச்சாங்க. ஆனா அந்த ஆள் உள்ளுக்குள்ள முழுசா தள்ளினாரா, பாதியில விட்டாரான்னு கூட இருந்து பார்க்க யாராலும் முடியாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் ஜிம்ல எட்டோட நிறுத்தினா பக்கத்துல இருக்கிறவன் பார்த்துடுவான்.

உங்க வீட்டுல யாராவது இப்போ மாவுக்கட்டோட உக்காந்திருந்தா, டாக்டர்கிட்டயோ பிசியோதெரபிஸ்ட்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு இதைப் படிச்சுக் காட்டுங்க. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். அந்த நேரத்துல அவங்களை யாரும் காபி வேணுமான்னு கேட்டு எழுப்பாதீங்க.