ஏளனம் பிறக்கும் இடம்



நாம் ஆலையில் உழைத்த காலத்தில், திக்கிப் பேசும் தோழர் ஒருவர் உடன் வேலை பார்த்தார். இரவில் வீடு திரும்பியதும் அவரைப் போலப் பேசிக் காட்டி மனைமக்களை நகைக்க வைப்போம். ஒருநாள் பள்ளி ஆசிரியர் நம்மை அழைத்தனுப்பினார். சித்தூருக்குப் புதிதாய் வந்து, தெலுங்கு பேசத் தடுமாறிய தமிழ்ப் பிள்ளை ஒருவனை நம் மைந்தன் அவ்வாறே பேசிக் காட்டி அழச் செய்திருந்தான். "இதை எங்கே கற்றாய்?" என்றோம். "உங்களிடந்தான், அப்பா" என்றான்.

திருப்பதிக்கு வரும் பல மொழிக் குழந்தைகள் ஒருவரையொருவர் வியந்து நோக்குவதைக் காணுங்கள். அந்நோக்கில் பகையில்லை. வேற்றுமையைக் காண்பது இயல்பு. அதை இழிவென்று காண்பது பயிற்சி. பின்னர், கூட்டத்தோடு நகையாவிடில் தானே நகைக்கப்படுவோம் என்னும் அச்சமும் சேர்கிறது.

இப்பயிற்சி முற்றினால் விளைவதென்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியின் பெயரால் துன்புறுத்தப்பட்ட மாணவன் ஒருவன் முறையிட்டான். உடன் பயின்றோரே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் காயமுற்றாள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024இல் அளித்த அறிக்கை, மாணவர் சாதிக்கயிறு அணிவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. கைக்கயிற்றைப் பள்ளி அகற்றலாம். நாவிலுள்ள கயிற்றை வீடுதான் அகற்றவேண்டும்.

பகவானின் சங்கத்தில் லகுண்டக பத்தியர் என்னும் தேரர் இருந்தார். குள்ளமான அவருடைய தலைமயிரையும் காதையும் மூக்கையும் இழுத்து இளஞ்சாமணேரர் கேலி செய்தனர் எனத் தம்மபத உரை கூறும். பகவானோ, இனிய குரலுடையோருள் அவரே முதல்வர் எனப் போற்றினார். தேரர் சினமின்றிப் பொறுத்தார். ஆனால் அவர் அரகந்தர். நம் பிள்ளைகள் அரகந்தரல்லர். அழுதுவரும் பிள்ளையிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்லி ஒதுங்குதல் தகாது. முழுவதும் கேளுங்கள், உடன்சென்று ஆசிரியரிடம் உரையுங்கள், மறுவாரமும் விசாரியுங்கள்.

துன்புறுத்திய பிள்ளையை அடிப்பதும் மருந்தன்று. வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதையே அது கற்பிக்கும். பகவான் தம் மைந்தர் இராகுலருக்குக் கண்ணாடியை உவமை காட்டினார். செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் இச்செயல் தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என நோக்குக. தீங்கு நேர்ந்திருப்பின் ஒளிக்காது உரைத்து, இனிச் செய்யாதிருக்க என்றார். நம் பிள்ளைகளிடமும் இவ்வாறே கேட்போம்: "அவன் முகம் அப்போது எப்படியிருந்தது? உனக்கு நேர்ந்தால்?"

ஆனால் கண்ணாடியை முதலில் நாமே நோக்கவேண்டும். மறுநாள் ஆலையில் அத்தோழரிடம், "உங்களைப் பேசிக் காட்டி நகைத்தோம், பொறுத்தருளுங்கள்" என்றோம். அவர் வெகுநேரம் திக்கி, "தெ... தெரியும், அண்ணே" என்றார். அன்று மாலை நம் மைந்தன், யாரும் வற்புறுத்தாமலே, அந்தப் பிள்ளையின் இல்லத்துக்கு நம்முடன் நடந்துவந்தான்.

அன்பர்களே, இன்றிரவு உணவருந்தும்போது நாம் யாரைக் குறித்து நகைக்கிறோம் என்று கவனிப்போம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.