குழந்தை கையெழுத்துப் போடவில்லையே!



நம் சபைகளில் சாட்சி நேரத்தில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வார்த்தை உண்டு. தியாகம்! "நல்ல வேலையைத் தியாகம் பண்ணினேன்", "பிள்ளைகள் படிப்புக்காக நகையெல்லாம் தியாகம் பண்ணினேன்" என்று சொல்வார்கள். நாமும் அல்லேலூயா சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் இந்தச் சில மாதங்களாக ஒரு கேள்வி என் உள்ளத்தில் பாரமாயிருக்கிறது. ஒருவன் தன்னுடையதைக் கொடுத்தால் அது தியாகம். வாய் பேசத் தெரியாத பச்சைக் குழந்தைக்குச் சொந்தமானதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நான் தியாகம் பண்ணினேன்" என்று சாட்சி சொல்லலாமா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், லெட்சுமாங்குடி பக்கத்திலிருந்து உபவாச ஜெபத்துக்கு வருகிற ஒரு சகோதரி தன் மகளுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். மருமகன் அமெரிக்க ராணுவத்தில் சிப்பாய். நம்மூர்ப் பையன் அமெரிக்கப் பட்டாளத்துக்கு எப்படிப் போனான் என்று நினைப்பீர்கள். அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களிலும் சில மொழிகள் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டத்தை 2009-ல் அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் அது நின்றுவிட்டது. அதற்குள் மேற்படிப்புக்குப் போன நம் பிள்ளைகள் சிலர் அதில் சேர்ந்து குடியுரிமையும் பெற்றார்கள். இவரும் அப்படிச் சேர்ந்தவர்தான். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். இதற்குள் மருமகனுக்கு ஜெர்மனிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கைசர்ஸ்லாட்டர்ன் என்கிற ஊர்ப்பக்கம். அமெரிக்கப் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். பெரிய ராணுவ ஆஸ்பத்திரியும் பக்கத்தில் உண்டு.

"குளிர் தேசம். அவரு பாதி நாள் பயிற்சின்னு வெளியில போயிடுவாராம். இவளுக்குப் பரீட்சை எழுதி நர்ஸ் வேலைக்குப் போகணும்னு இருக்கு. பாப்பாவை என்கிட்ட விட்டுட்டுப் போகட்டுமேக்கா, மூணு வருஷம்தானே? அதுக்குப் புரியவா போகுது?" என்று கேட்டார்கள் அந்தச் சகோதரி. அவர்களுடைய சம்பந்தியம்மாளுக்கும் இதே எண்ணம்தானாம். "கர்த்தருக்காக அன்னாள் தன் பிள்ளையை விடலியா?" என்று வேதத்தையே எடுத்துச் சொன்னார்களாம்.

நம்ம ஊருக்கு இது புதிதல்ல. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்லுவார்கள். சிங்கப்பூர், மலேசியா, பிறகு குவைத், துபாய் என்று தலைமுறை தலைமுறையாய்ச் சபுராளிகள் போய்வந்த ஊர் இது. பெரிய பெரிய வீடு கட்டி, உள்ளே அப்பாயியும் பேரப்பிள்ளையும் மாத்திரம் இருக்கிற தெருக்கள் நமக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வளைகுடாவில் குவைத் போன்ற நாடுகளில் குறிப்பிட்ட சம்பளம் வாங்கினால்தான் குடும்ப விசா கிடைக்கும். ஒரே அறையில் பத்துப் பேராய்ப் படுத்துக்கிடக்கிற கூலித் தொழிலாளி பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவன் பிள்ளையைக் கைவிட்டான் என்று நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசாதீர்கள். வழியில்லாமல் பிரிவது வேறு. வழி இருந்தும் பிரிவது வேறு.

நான் ஒரு பட்டாளத்துக்காரர் மனைவி. ஆகவே முதல் வகையை அனுபவித்தவள். 1987-ல் செகந்திராபாத்தில் குடும்பக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மூத்த மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஜூலை 29-ந் தேதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உடனே அமைதிப்படை புறப்பட்டது. எங்கே, எத்தனை நாள் என்று யாரிடம் கேட்பது? ட்ரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு கொரடாச்சேரி ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். அதற்குப் பிறகு ‘56 ஏ.பி.ஓ.’ என்று முடிகிற விலாசத்துக்கு இன்லேண்டு லெட்டர் எழுதுவதுதான் குடும்பம்! நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தார். 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை இலங்கையைவிட்டு வந்தது. சுமார் 1,200 வீரர்கள் வரவேயில்லை. என் கணவர் வந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அவரைப் பார்த்து, "இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டான்.

அவர் செய்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிள்ளையைத் தூக்க எட்டிப்பிடிக்கவில்லை, அதட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தென்னங்கீற்றில் காத்தாடி, கைக்கடியாரம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு நாள் அப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் பிள்ளை தானாக வந்து மடியில் உட்கார்ந்தான். துப்பாக்கி பிடித்த மனுஷனுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ!

அந்த மூன்று வருஷமும் என் பிள்ளைக்கு நான் இருந்தேன். ஒருவர் போனாலும் ஒருவர் மாறாமல் இருந்தோம். பிள்ளையின் கணக்கில் இதுதான் பெரிய விஷயம். அதற்கு ஊர் தெரியாது, தேசம் தெரியாது, கொடி தெரியாது. இரவில் அழுதால் எந்தக் கை வருகிறது என்பது மாத்திரம் தெரியும்.

இதை நான் தாயுள்ளத்தில் மட்டும் சொல்லவில்லை. 1939 செப்டம்பர் 1-ல் தொடங்கி, குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கிலாந்து நகரங்களிலிருந்து சில நாளில் ஏறக்குறைய 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஜான் பௌல்பி, வினிக்காட் முதலான மருத்துவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயில்லாமல் அனுப்புவது ஆபத்து என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக பௌல்பி இதைப் பற்றி அறிக்கையே கொடுத்தார். மறுவருஷம் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. அவள் ஓயாமல் கத்தி அழவில்லை. அழுகையை அடக்கப் பார்க்கிறாள். அடங்கிப்போன குழந்தையை நாம் ‘சமத்து’ என்கிறோம்! அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைச் சேர்க்காமல் வைத்திருந்த வழக்கம் மாறுவதற்கு அந்தப் படமும் ஒரு காரணமாயிற்று.

பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள், பெற்ற தாய்தான் வேண்டும் என்பதில்லை, மாறாத ஒரு அன்பான கை இருந்தால் பிள்ளை நன்றாகத் தேறும் என்று திருத்திச் சொன்னார்கள். இதைக் கேட்டதும் அந்தச் சகோதரி முகம் மலர்ந்து, "அப்ப நான் வளர்த்தா என்னக்கா? நான் அன்பு இல்லாதவளா?" என்றார்கள்.

நியாயமான கேள்வி. அம்மாச்சியின் கை ஒன்றும் குறைந்த கை அல்ல. ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். ஐந்து மாதக் குழந்தையைத் தாய் விட்டுப்போனால் சில நாள் சிணுங்கும், பிறகு அம்மாச்சியோடு ஒட்டிக்கொள்ளும். ஏழெட்டு மாதத்தில் முகம் பார்த்து அழுகிற பருவம் வரும்போது, அதற்கு ‘நம்ம ஆள்’ என்றால் அம்மாச்சிதான். மூன்று வயதில் ஒரு நாள் பெட்டியோடு இரண்டு பேர் வந்து இறங்குவார்கள். "இதுதாண்டா அம்மா, இதுதாண்டா அப்பா, வா போகலாம்" என்பார்கள். வீட்டில் கொண்டாட்டம். பிள்ளையோ தான் அறிந்த ஒரே தாயை விட்டுப் பிரிகிறது! முதல் தடவை பிரிந்தபோது அதற்கு நினைவில்லை, சரி. இரண்டாம் தடவை நன்றாகத் தெரியுமே! ஒரே குழந்தைக்கு இரண்டு முறை தாய் போகிறாள். இந்த இரண்டாவது பிரிவை நம் குடும்பங்களில் யாரும் கணக்கில் எழுதுவதேயில்லை. "பாஷை பழகலை, அதான் அழுவுது" என்று சொல்லிவிடுகிறோம்.

நம் பக்கத்தில் நாற்றுக்குக்கூட வயசு பார்க்கிறோம். குறுவை நாற்று சீக்கிரம் நடவுக்கு வந்துவிடும், சம்பா நாற்று இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும். நாள் தெரியாமல் பிடுங்குகிறவனை வயலில் இறங்கவே விடமாட்டார்கள்.

அன்னாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாமுவேலின் முதல் புஸ்தகத்தை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். புருஷன் வருஷாந்தரப் பலிக்குப் புறப்பட்டபோது அவள் கூடப் போகவில்லை! பிள்ளை பால்மறக்கட்டும் என்று வீட்டிலேயே நின்றுவிட்டாள். எல்க்கானாவும் சரி என்றான். அந்தக் காலத்தில் பால்மறப்பது நம்மைப்போல் ஆறு மாதத்தில் டின் பாலுக்கு மாறுவதல்ல, இரண்டு மூன்று வருஷம் ஆகும். பொருத்தனை பண்ணினவளே பிள்ளையின் வயதுக்காகக் காத்திருந்தாள். கொண்டுபோய் விட்ட பிறகும் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப்போனாள். பார்க்காத பிள்ளைக்கு அளவுச் சட்டை தைக்க வேண்டுமானால், இந்நேரம் தோள் இவ்வளவு அகன்றிருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டாமா? அந்த வேதபாகத்தை, பாலூட்டுகிற குழந்தையை விட்டுப்போவதற்குச் சாக்காக எடுக்கிறது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டாளத்தில் சேருகிறவன் சத்தியப்பிரமாணம் எடுக்கிறான், கையெழுத்துப் போடுகிறான். அவனைக் கட்டிக்கொள்கிறவளும் தெரிந்துதான் கழுத்தை நீட்டுகிறாள். குழந்தை எதில் கையெழுத்துப் போட்டது? தகப்பன் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது கடமை. அந்தக் கடமையின் செலவை, இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவரின் தலையில் முதலில் இறக்குவது எந்த நியாயம்? ராணுவமே இங்கே வழி வைத்திருக்கிறது. ஜெர்மனிக்குப் பொதுவாக, குடும்பத்தோடு போனால் 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம் என்று கணக்கு. நம் இந்தியப் பட்டாளத்தில் ஃபீல்டு ஏரியா என்றால் குடும்பத்துக்கு இடமே கிடையாது. பிரிட்டிஷ் ராணுவத்துக் கூர்க்காக்களுக்கு வெகுகாலம் வரைக்கும் சர்வீஸில் கொஞ்ச வருஷம்தான் மனைவி மக்களைக் கூட வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. 2000-க்குப் பிறகுதான் அது மாறிற்று. எத்தனையோ சிப்பாய்கள் கேட்டும் கிடைக்காத ஒன்று இந்தப் பிள்ளைகளுக்குக் கையில் வந்து விழுந்திருக்கிறது.

ஆனாலும் அந்த மகளின் பக்கத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். கணவன் பயிற்சிக்குப் போய்விட்ட வீட்டில், நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற குளிர்காலத்தில், பாஷை தெரியாத ஊரில், காய்ச்சலில் கிடக்கிற குழந்தையோடு தனியாக இருப்பது சாமானியமா? அவளும் மனுஷிதானே! அவளுடைய படிப்பும் வேலையும் ஆசை மாத்திரமல்ல, நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கு அது தேவை. "தாய் என்றால் சகிக்கத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு நாம் ஜெபம் பண்ணி ஆமென் சொல்லிப் போய்விடக் கூடாது. பரீட்சையை ஒரு வருஷம் தள்ளிப்போடட்டும். தள்ளிப்போட்டால் அது அவளுடையது, அவள் கொடுக்கலாம். அந்த ஒரு வருஷத்துக்குப் பதிலாகத் தகப்பன் வீட்டில் இருக்கிற ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தூக்கட்டும். அது அவன் கொடுக்கிறது.

ஆகவே நான் சொன்ன ஆலோசனை இதுதான். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும், கூடவே அம்மாச்சியும் போகட்டும்! சுற்றுலா விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்கலாம். அந்தத் தொண்ணூறு நாளைக் குளிர்காலத்தில் போட்டுக்கொண்டால் புண்ணியம். குழந்தையின் பிறப்பைச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். நம் ஊரில் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுகிறோம், அமெரிக்காவில் அது வழக்கமில்லை. பின்னால் தோல்பரிசோதனையில் தடித்துக்கொண்டால் காசநோயோ என்று அங்குள்ள டாக்டர் சந்தேகப்படலாம், அட்டை இருந்தால் விளங்கிக்கொள்வார். விமானம் இறங்கும்போது காது வலிக்கும், அந்நேரம் பால் கொடுத்தால் போதும். இதெல்லாம் சின்ன விஷயம்.

அந்தச் சகோதரிக்கு உடனே மனசு ஒப்பவில்லை. "தொண்ணூறு நாள் கழிச்சு நான் மட்டும் திரும்பி வரணும், இல்லக்கா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார்கள். பேத்தி மூன்று வருஷம் மடியில் வளருவாள் என்று மனசில் தொட்டில் கட்டி வைத்திருந்தவர்கள்தானே! நானும் ஒன்றும் சொல்லவில்லை, என்ன சொல்வது? போன வாரம் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். வயது ஐம்பத்தாறு, இதுதான் முதல் பாஸ்போர்ட். போலீஸ் விசாரணைக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள்.