வாசலோடு நிற்க வேண்டிய கணக்கு

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரத்தில், கோடை விடுமுறை முழுவதும் ஓரிடத்துக்கும் அழைத்துச் செல்லப்படாத குழந்தைகள் உள்ள ஒரு வீட்டில், சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று எழும் "நாளைக்கே போய்விட்டு வந்துவிட்டால் என்ன?" என்ற பேச்சை, குடும்பச் செலவைப் பற்றிய சில்லறை விஷயமாக மட்டும் கருதி ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. கையிருப்போ சொற்பம், நோட்டுப் புத்தகமும் சீருடையும் வேனுக்கான முன்பணமும் காத்திருக்கின்றன, குழந்தைகள் கேட்பதோ நீர்ச் சறுக்குகளும் ராட்சத ராட்டினங்களும் நிறைந்த கேளிக்கைப் பூங்கா. அளவுக்கு உட்பட்ட பொருளைக் கொண்டு, அளவை அறியாத ஆனந்தத்தை ஒருவருக்குக் கொடுக்க முடியுமா, முடியுமென்றால் எந்த மனநிலையில் கொடுப்பது தர்மம் என்ற கேள்வி அந்தப் பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது.

வைராக்கியத்தை உயர்த்திப் பேசும் நம் மரபில் இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு. பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயம் சுகத்தை மூன்றாகப் பகுத்து, புலன்கள் விஷயங்களோடு கூடுவதால் உண்டாகி, தொடக்கத்தில் அமுதம் போலவும் முடிவில் விஷம் போலவும் இருப்பதை ராஜஸ சுகம் என்று வகுக்கிறது. சறுக்கிலிருந்து வழுக்கி நீரில் விழும் கணத்து மகிழ்ச்சி அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே அதற்காகப் பொருளைச் செலவழிப்பது அஞ்ஞானம் என்று சிலர் முடித்துவிடுவார்கள். அந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை. அங்கே ஆராயப்படுவது சுகத்தை அனுபவிப்பவனின் நிலை; நம் வீட்டில் விசாரத்தில் ஆழ்ந்திருப்பவரோ அனுபவிக்கப்போகும் குழந்தை அல்ல, கொடுக்கப்போகும் தகப்பனார். அவருக்குரிய இலக்கணம் அதற்கு முந்தைய அத்தியாயத்தில், தானத்தைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. கொடுக்க வேண்டும் என்பதற்காகவே, கைம்மாறு கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பது சாத்துவிகம். பலனை எதிர்பார்த்தோ, மனம் நொந்தோ கொடுப்பது ராஜஸம். இடமும் காலமும் பாராமல், மதிப்பின்றிக் கொடுப்பது தாமஸம். பெற்ற பிள்ளைக்குச் செய்வது தானமாகுமா என்று கேட்கலாம். சாஸ்திரப்படி ஆகாது என்றே வைத்துக்கொண்டாலும், கொடுப்பவனுடைய மனத்தின் தரத்தை அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய பூங்காக்களில் பெரிய சறுக்குகளின் வாசலில் உயரக் குறி வரைந்த பலகை ஒன்று நிற்கும். தலை அந்தக் குறிக்குக் கீழே நின்றுவிட்டால் பிள்ளையை மேலே விடமாட்டார்கள். அந்தக் குறியை எட்டிவிட்ட பிள்ளை, இறங்கும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள விரும்பும் வயது எத்தனை காலம் நீடிக்கும்? "கொஞ்சம் பணம் சேரட்டும், அடுத்த வருஷம் சௌகரியமாகப் போகலாம்" என்று பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த வருஷம் சேரும் பணத்தைக் கொண்டு இந்த வருஷத்துக் குழந்தையை அழைத்துச் செல்ல வழியில்லை. ஆகவே கடைசி நேரத்தில் முடிவு செய்வதை அவசரபுத்தி என்று நான் இகழ மாட்டேன். தள்ளிக்கொண்டே போன ஒன்றுக்குக் காலம் வந்துவிட்டது என்று உணர்ந்த நிமிஷமே பல சமயம் கடைசி நேரமாக அமைகிறது. கடன் வாங்கிப் போவது வேறு விஷயம். தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் அந்த ஒருநாள் மகிழ்ச்சியின் மேல் கசப்பு படியும் என்பதால், அதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இப்படியொரு சனிக்கிழமை இரவில், நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் வீட்டு அம்மாள் பென்சிலால் கணக்கு எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். போக நினைத்த இடம், மேட்டுப்பாளையத்தை அடுத்து நீலகிரி அடிவாரத்தில் ஊட்டி சாலையில் இருக்கும் பிளாக் தண்டர். வாடகைக் கார் என்றால் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்; ஆகையால் காலைப் பாசஞ்சர் ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், கட்டிக்கொண்டு போகும் இட்லியை வெளியிலேயே மரத்தடியில் உண்டுவிட்டு நுழைவது. மத்தியானத்துக்கு மட்டும் உள்ளே வாங்குவது. பருத்தி உடையோடு நீரில் இறங்க அனுமதி கிடைக்காது. நைலான் உடையை அங்கே வாடகைக்கு எடுத்தால் அதுவே ஒரு தொகையாகும். ஆகவே குழந்தைகளுக்கு எதிர்வீட்டிலிருந்து இரவல். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே லாக்கர். இத்தனையும் எழுதிக் கூட்டி, கோடு போட்டு முடித்தபின், கணவரிடம் அவர் சொன்னார்: "ஏனுங்க, ஐஸ்கிரீமுக்குன்னு கொஞ்சம் தனியா எடுத்து வெச்சிருக்கறேன். அது பசங்க கேக்கறதுக்கு. அதுல மட்டும் கணக்குப் பாக்காதீங்க."

லோபத்துக்கும் சிக்கனத்துக்கும் உள்ள பேதத்தை இவ்வளவு தெளிவாக விளக்கிய உபந்நியாசம் எதையும் நான் கேட்டதில்லை. லோபி தன்னிடமிருந்து போவதை எண்ணி வருந்துகிறான். இந்த அம்மாளோ, எண்ணாமல் கொடுக்கக்கூடிய ஒரு சிறு பகுதியை உண்டாக்குவதற்காகவே மற்ற அனைத்தையும் எண்ணி எண்ணி எழுதினார். அளவு என்பது ஆனந்தத்துக்குப் பகை என்ற எண்ணத்தை அன்றோடு நான் விட்டுவிட்டேன். அந்தக் கணக்கு அவர் செய்த தவம். அதன் பயனாக மறுநாள் குழந்தைகளுக்கு விலையே இல்லாத பகலாக விடியக் காத்திருந்தது.

இந்தப் பூங்காக்களின் வரலாற்றிலும் இதே விஷயம் மறைந்திருக்கிறது. வால்ட் டிஸ்னி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் பூங்காவில் தம் பெண்கள் இருவரும் ராட்டினத்தில் சுற்றுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் கட்டிய டிஸ்னிலாந்து 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தரம் பிரித்த தனித்தனிச் சீட்டுகள் கிழிக்கப்பட்டு வந்தன. 1982-இல் அந்த முறை ஒழிந்து, வாசலில் வாங்கும் ஒரே சீட்டே எல்லாவற்றுக்கும் போதும் என்றாயிற்று. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தில் இன்னும் சுற்றுக்குச் சுற்று காசு உண்டு. இன்னொரு சுற்று வேண்டுமென்றால் குழந்தை முதலில் தகப்பனாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரே சீட்டு என்ற ஏற்பாடு, வியாபார நோக்கத்தோடு வந்ததாகவே இருக்கட்டும், அந்தப் பார்வைக்கு அவசியம் இல்லாமல் செய்தது பெரிய காரியம். கணக்கு வாசலோடு நின்றுவிடலாம்.

ஆனால் நாம் அதை நிற்கவிடுவதில்லை. உயரமான சறுக்கின் இரும்புப் படிகளில் பாதிவரை ஏறிவிட்டு, மேலேயிருந்து வரும் அலறலைக் கேட்டுக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கும் சிறுவனிடம், "இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கோம், பயந்தா எப்படி? ஏறு" என்று சொல்லும் குரலை எந்தப் பூங்காவிலும் கேட்கலாம். அந்தக் கணத்தில் கொடை கடனாகிவிடுகிறது. மகிழ்ச்சி அடைந்து காட்டுவதே அதற்கு வட்டி. மனம் நொந்து கொடுப்பதையும் பலனை எதிர்பார்த்துக் கொடுப்பதையும் கீதை ஏன் ஒரே வகையில் சேர்த்தது என்பது எனக்கு அந்தப் படிகளில்தான் விளங்கிற்று. சிறுவன் நாள் முழுவதும் அலைக்குளத்தின் ஓரத்தில், முழங்கால் ஆழத்திலேயே கிடக்க விரும்பினால், கிடக்கட்டும். சீட்டில் அச்சிட்ட அத்தனை விளையாட்டிலும் ஏறினால்தான் பணம் ஜீரணித்தது என்று நினைப்பவர் பிள்ளைக்காக வரவில்லை, பணத்துக்காக வந்திருக்கிறார்.

தைத்திரீய உபநிஷத்து, கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் செய்யும் உபதேசத்தில், சிரத்தையோடு கொடு என்பதோடு நிற்காமல், நாணத்தோடு கொடு என்றும் சொல்கிறது. இதற்கு மேல் கொடுக்க முடியவில்லையே என்ற கூச்சத்தை அந்த நாணத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். இரவல் உடையோடும் மரத்தடி இட்லியோடும் பிள்ளைகளை அழைத்துப் போகும் தாய் தந்தையரிடம் அந்தக் கூச்சம் இயல்பாகவே இருக்கிறது. அதைக் குறையென்று எண்ணி அவர்கள் தலைகுனிவது எனக்கு வருத்தம் தருகிறது. கொடையைத் தூய்மையாக்கும் பொருள்களில் ஒன்றாக அதை ஒரு ரிஷி எண்ணியிருக்கிறார்.

கடைசியாகப் பாட்டியின் விஷயம். எந்தக் குடும்பத்திலும் கணக்கு இடிக்கும் இடம் அதுதான்: நீரில் இறங்க மாட்டார், ராட்டினத்தில் ஏற மாட்டார், ஆனாலும் அவருக்கும் சீட்டு வாங்கியாக வேண்டும், "நான் எதுக்கு, வீட்டைப் பாத்துக்கறேன்" என்று அவரே சொல்லியும் விடுவார். அவர் உள்ளே வந்து பெறப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். பேரன் நனைந்து ஓடிவந்து, தான் விழுந்த கதையைச் சொல்வதற்கு அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்து மகிழ்வதும் ஆனந்தத்தில் பங்குதான். மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாவது, லாக்கரை விட்டுவிட்டுப் பையைப் பாட்டியின் மடியில் வைத்தாவது, அவருக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.