அழகுக்கென ஓடும் நீர்

நீருக்கும் உயிர் உண்டு என்பது அருகன் அறம். இல்லறத்தார் நீரின்றி வாழ இயலாது. ஆதலின் வடிகட்டிப் பருகுக, அளவறிந்து பயன்கொள்க என்று நம் பெரியோர் விதித்தனர். பயனின்றி நிலத்தைத் தோண்டுதலையும் நீரை அலைத்தலையும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்டத்துள் அடக்குகிறார். அங்ஙனமாயின், கண்ணின் இன்பத்திற்கென்றே நீரைத் தேக்குவதும் ஓடவிடுவதும் குற்றமா? அழகு ஒரு பயன் ஆகாதா?

செஞ்சிக் கோட்டையிலுள்ள கல்யாண மகாலைக் கண்டவர்க்கு இவ்வினா எழும். பல அடுக்குக் கோபுரம். அருகே படிகள் சூழ்ந்த குளம். மின்விசை இல்லாத அக்காலத்திலேயே தொலைவிலிருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் வழியே மேல்மாடிக்கு நீர் ஏறிற்று. அதே செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து, அரசரைப் பழித்து முனிவரைப் போற்றுவது எளிது. அது முறையன்று. மாவிரதியின் கோல் கொண்டு அணுவிரதியை அளத்தல் ஆகாது. மேலும் சமவசரணத்தை விவரிக்கும் நூல்களே மலர் நிறைந்த நீர் அகழியைக் கூறுகின்றன. வர்த்தமானர் வீடுபேறு பெற்ற பாவாபுரியில் அவர்க்குரிய கோயில் தாமரைக் குளத்தின் நடுவே நிற்கிறது. ஆகவே அழகு குற்றமன்று என்பதே என் துணிபு.

குற்றம் வேறிடத்தில் உள்ளது. பாரிவாக்கம், பூந்தமல்லிப் பக்கத்துப் புதிய வீடுகளில் முற்றத்து நீர்த்தொட்டியும் செயற்கை ஊற்றும் அமைக்கும் ஆசை வளர்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்தனர். அத்தகைய நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாகப் பீய்ச்சுவது அண்டை வீட்டாரின் குடத்திலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும். மழை பெய்த ஆண்டில் அதே ஊற்றை நான் பழிக்கமாட்டேன்.

ஆனால் எந்த ஆண்டிலும் தீராத இடர் ஒன்று உண்டு. ஊற்றை நிறுத்திய சில நாளிலேயே தொட்டியில் கொசுப்புழு தோன்றும். நீருயிர் ஓரறிவினது; கொசுவோ நம் நூல்களின்படி நாலறிவினது. உடனே மருந்தை ஊற்றுவர். இக்கொலை எவரும் வேண்டியதன்று; தொட்டியைக் கட்டிய அன்றே தொடங்கியது. மருந்து வேண்டா, மீன் விட்டால் போதும் என்பாரும் உளர். அம்மீனுக்கு இரை எது? செய்தலோடு செய்வித்தலையும் உடன்படுதலையும் நம் ஆகமங்கள் ஒருங்கே எண்ணுகின்றன.