முதல் எது?

எமது ஊர்க் கடைக்காரரை முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் 'முதலாளி' என்றே அழைக்கின்றனர். சிங்களத்தில் பணத்துக்கே 'முதல்' என்றுதான் பெயர். தமிழிலிருந்து சென்ற சொல் அது. மாத்தளையில் எல்லோருக்கும் பொதுவான இச்சொல்லின் வேரைச் சற்றுத் தோண்டிப் பார்ப்பது பயன் தரும்.

தமிழில் முதல் என்றால் தொடக்கம், மரத்தின் அடி. 449ஆம் குறளிலேயே அது வணிகத்தில் இடும் பொருளையும் குறித்து நிற்கிறது. அறபியில் 'றஃஸுல் மால்', அதாவது செல்வத்தின் தலை. வட்டி நீங்கிய அசலை அல்பகறா அத்தியாயத்தின் 279ஆம் வசனமும் 'தலை' என்ற சொல்லாலேயே சுட்டுகிறது. ஆங்கிலத்துக் 'கெப்பிட்டல்', தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. எது முன்னால் நிற்கிறதோ அதுவே முதல் என்பதே மூன்றின் கருத்தும். அப்படியாயின், முன்னால் நின்றது எது?

தொல்காப்பியம் முதற்பொருள் இரண்டென்கிறது: நிலமும் பொழுதும். செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம்தான். எனினும் மாத்தளைத் தோட்டங்களின் மேல் வைத்துப் பார்க்கலாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கருதியது. கிராமத்தவர் புழங்கிய நிலம் கோப்பித் தோட்டமானது. அந்நிலத்துக்குத் தம் பொழுதைக் கொடுத்தோர், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் மாண்டோர் பலர். அவர்கள் நினைவாகவே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நடந்தது.

வந்து சேர்ந்தவர்களின் கணக்கு கடனில் தொடங்கியது. முற்பணம் அவர்கள் பெயரில் பற்றாக ஏறியது. கடனைத் தீர்த்தால் விடுவிக்கலாம் என்றெழுதிய 'துண்டு' இன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. நிலமும் பொழுதும் ஏட்டில் ஏறாமற் போக, பணம் மட்டும் முதல் என்று பெயர் பெற்றது.

பணமின்றித் தோட்டமேது என்பர். உண்மை. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபோது பணமிட்டோரும் பாழானார்கள். பணத்துக்குப் பங்குண்டு, பங்கு வேறு, தனியுரிமை வேறு. இஸ்லாமிய வணிகச் சட்டத்தின் முழாரபா இதைத் தெளிவாக்குகிறது. ஒருவர் பணம் தருவார், மற்றவர் உழைப்பார். இலாபம் முன்பே பேசிய விகிதப்படி இருவருக்கும். உழைப்பவரின் தவறின்றி நட்டம் வந்தால் இவருக்குப் பணம் போகும், அவருக்கு உழைப்புப் போகும். உழைத்தவர் தலையில் கடன் ஏறாது. அங்கே உழைப்பும் இடப்பட்ட முதலாகவே மதிக்கப்படுகிறது.

மிளகு காய்க்கும் முன்பே கடையில் அரிசியும் உரமும் கடனுக்கு வாங்கும் வீடுகளிலிருந்து எம் மாணவர் சிலர் வருகின்றனர். அறுவடையானதும் விலையைச் சொல்பவர் முதலாளி. கொடி நட்டு மூன்றாண்டு காத்திருந்தவரின் பொழுது எந்தக் கொப்பியிலும் இல்லை. அது எழுதப்படாதவரை பேரம் நீதியாகாது.

வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதும் முன், "முதல் எத்தனை வகை?" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். பணம் என்று உடனே சொல்வார்கள். மற்ற இரண்டையும் அறிய அவர்கள் தம் வீட்டைப் பார்த்தாலே போதும்.