சாம்பலுக்கு உரியவர் யார்?

பிரான்சு நாட்டிலே, ரூவான் நகரச் சந்தைத் திடலிலே, 1431 மே 30 அன்று ஓர் இளம்பெண்ணைக் கம்பத்திலே கட்டி எரித்தனர். வயது ஏறத்தாழ 19. பெயர், ஜோன் ஆஃப் ஆர்க். குற்றம், மதவிரோதம். அத்தகையோரைப் 'பதிதர்' என்று கிறித்தவ நூல்கள் குறிக்கும். உயிரைக் குடித்த தீ போதவில்லை; சாம்பலையும் வாரிச் சேன் ஆற்றிலே கொட்டினர், எவரும் எடுத்துவைத்துப் போற்றிடக் கூடாதென்று!

போற்றினர்! வேறு எவருமல்லர், அதே திருச்சபையினர். 1456-இலே பழைய தீர்ப்புச் செல்லாது என்றனர். அவள் துணையால் முடிசூடிய ஏழாம் சார்லசு மன்னனுக்கு, பதிதை தந்த முடி எனும் பழி துடைக்கப்பட்டாக வேண்டுமே! 1920-இலே புனிதர் வரிசையிலும் சேர்த்தனர். தவறு திருத்தப்பட்டது நல்லதுதானே என்பீர். நல்லதுதான். ஆனால், ஆளைத் தவறாக எரித்துவிட்டோம் என்றனரேயன்றி, ஆளை எரிப்பதே தவறு என்று 1456-இலே சொன்னாரில்லை.

ஜோன் கதையிலேயே நெஞ்சை உறுத்தும் ஏடு ஒன்று உண்டு. பொகீமியா நாட்டுச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹஸ், பத்திரமாக வந்து போகலாம் எனும் மன்னன் சிகிஸ்மண்டின் உறுதிமொழியை நம்பிக் கான்ஸ்டன்ஸ் நகர்ப் பேரவைக்குச் சென்றார். உறுதிமொழி காற்றிலே போயிற்று. 1415 ஜூலை 6 அன்று அவர் உடல் நெருப்பிலே போயிற்று. சாம்பல் ரைன் ஆற்றிலே போயிற்று. அவர் வழி நின்ற மக்கள் அவரை வேதசாட்சியாக்கி, வாளேந்தினர். அம்மக்களுக்கு 1430 மார்ச்சிலே, ஜோன் பெயரால் மடலொன்று சென்றது: திருந்தாவிடின் படையோடு வந்து ஒழிப்பேன் என்று! பதினான்கே மாதம், மிரட்டியவளே பதிதையாகி மாண்டாள். இன்று அவருக்கு அங்கே சிலை, இவளுக்கு இங்கே சிலை.

இங்கிலாந்துக்கு வருவோம். மேரி அரசியின் ஆட்சியிலே, 1555 முதல் 1558 வரை, ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகள் எரிக்கப்பட்டனர். அவர்தம் கதைகளைத் திரட்டி ஜான் ஃபாக்ஸ் 1563-இலே பெருநூல் வெளியிட்டார். தீயும் புகையும் தெரியும் படங்கள். படிக்கத் தெரியாதவனும் பார்த்துப் பதறலாம். பேராலயங்களிலே அதனை வைத்திட வேண்டுமென 1571-இலே ஆணையிட்டனர். கத்தோலிக்கர்மீது தலைமுறை தலைமுறையாக வெறுப்பை வளர்த்த ஏடு அது.

1575-இலே, அதே புராட்டஸ்டண்டு ஆட்சி, டச்சுக்காரர் இருவரை எரித்திட முனைந்தது. குழந்தைகளுக்கு ஞானமுழுக்குக் கூடாது என்ற கூட்டத்தினர் அவர்கள். ஃபாக்சுக்கு அக்கொள்கை பிடிக்காது. பிடிக்காது என்றே எழுதினார். எனினும், தீயிலிட வேண்டாமென்று எலிசபெத் அரசியை மன்றாடினார். எரிந்தோர் கதைகளை எழுதி எழுதி, அந்த மனிதருக்கு நெருப்பின் சூடு தெரிந்திருந்தது. அரசி இணங்கவில்லை. லண்டன் ஸ்மித்ஃபீல்டு திடலிலே இருவரையும் கொளுத்தினர். மேரி காலத்து வேதசாட்சிகள் பலர் வெந்து மடிந்த அதே திடல்! ஆலயத்திலே ஏடு, திடலிலே தீ, இரண்டுக்கும் ஒரே அரசு.

கலங்காது செத்தான், ஆகவே அவன் கொள்கை மெய் என்பது பிரசாரகரின் வாதம். அந்தோ, கலங்காது செத்தோர் எல்லா முகாமிலும் உளரே! ஒன்றையொன்று மறுக்கும் கொள்கைகள் அத்தனையும் மெய்யாகிவிடுமோ? சாவு காட்டுவது செத்தவன் நெஞ்சுரத்தையும் கொன்றவன் கொடுமையையுந்தான். அந்நெஞ்சுரத்தை முதலாக்கி, கேள்வி கேட்டவன் பெயராலேயே கேள்வியை அடக்கும் வாணிபம் நடத்துகிறார்கள்!

பாதிரிமாரை மட்டும் குறைகூறி முடித்திடலாம், எளிது. ஆனால் நாம்? 1600 பிப்ரவரி 17 அன்று ரோமாபுரியிலே எரிக்கப்பட்ட புரூனோவை, விஞ்ஞானத்துக்காக மாண்ட வீரர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியவன்தான். உலகங்கள் எண்ணற்றவை என்றார் அவர், உண்மை. ஆயின் அவர்மீது சுமத்திய குற்றங்களிலே பெரும்பாலானவை கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, திரித்துவம் போன்ற மதக் கோட்பாடுகளைப் பற்றியவை. தொலைநோக்கிக்காரர் அல்லர், மாயவித்தை பற்றியும் நூல் எழுதியவர். இவற்றை விழுங்கிவிட்டு, நமக்கேற்ற புரூனோவைச் செதுக்கிக்கொண்டால், ஜோனைச் செதுக்கியவர்களை எந்த வாயால் கேட்பது? தம் கருத்துக்காக எரிக்கப்பட்டார். அக்கருத்து நமதாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்திலே அவரைப்பற்றிப் பேசும்போது அக்குற்றப்பட்டியலையும், ஸ்மித்ஃபீல்டிலே மாண்ட அந்த இருவரையும் சேர்த்தே சொல்வதென்றிருக்கிறேன். கைதட்டல் சற்றுக் குறையக்கூடும்.