பழைய படகும் புதிய பலகையும்

கரிசல் காட்டிலே ஒரு மீன்பிடிப் படகு!

கோவில்பட்டிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் பூமி. வானத்தை நம்பி வாழும் பூமி. கோடையிலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பூமி. தூத்துக்குடிக் கடலைக் காண ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஊரின் ஓரத்திலே, வேப்பமர நிழலிலே, இரண்டு பனந்தடிகளின் மீது பழைய வள்ளமொன்று ஏறி அமர்ந்திருக்கக் கண்டால், வழிப்போக்கர் நகைக்காமல் என்ன செய்வர்? "ஊழி வெள்ளம் வரப்போகிறதென்று யாரேனும் சோதிடம் சொன்னார்களோ?" என்று கேட்டுவிட்டுச் சென்றவர் பலர்.

வள்ளத்துக்கு உரியவர் நம் நண்பர், பள்ளி ஆசிரியர். அவருடைய தந்தை வேம்பார்க் கரையிலே மீன்பிடித்து வாழ்ந்தவர். அந்த வள்ளத்தின் வருவாயிலேதான் மகனைப் படிக்க வைத்தார். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. மரவள்ளம் மணலிலே ஒதுங்கியது. தந்தை மறைந்தார். வெயிலும் மழையும் வள்ளத்தைத் தின்னத் தொடங்கின. பார்த்துப் பொறாத மகன் அதை லாரியிலே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். விடுமுறை நாட்களிலெல்லாம் நாமும் கூடச் சென்று உப்புத்தாள் பிடித்தோம். கை காய்த்தது, அதனுடன் கருத்தொன்றும் முளைத்தது. அதைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

பழைய படகைச் செப்பனிடுவோர் முதலில் கையிலெடுப்பது தூரிகையை அன்று; குத்தூசியை. பலகைதோறும் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியை எதிர்த்து நிற்கும். உளுத்த மரம் வெண்ணெய்போல் விட்டுக்கொடுக்கும். கண்ணுக்குக் கருத்துப்போன பலகை உள்ளே வைரமாயிருப்பதுண்டு. பளபளக்கும் வண்ணத்தின் கீழே வெறும் தூளாய்க் கிடப்பதுமுண்டு. நண்பரின் வள்ளத்திலே மிக அழகாயிருந்த பலகைதான் மிக மோசமாக உளுத்திருந்தது. காரணம் எளிது. ஈரம் உலராத மரத்தின் மீது ஆண்டுக்கோர் அடுக்காக யாரோ வண்ணம் பூசி வந்திருக்கிறார்கள். உள்ளே சிறைப்பட்ட ஈரம் பூஞ்சணத்தை வளர்த்தது. பூஞ்சணம் மரத்தை அரித்தது. கடலின் உப்புநீர் ஓரளவு மரத்தைக் காக்கும். தேங்கி நின்ற மழைநீரே அதற்குப் பகை. மறைப்பதற்காகப் பூசிய வண்ணம் அழிவை விரைவுபடுத்தியது!

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டோம். பழைய பூச்சுகளிலே ஈயம் மிகுதி. அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்று 2016ஆம் ஆண்டு விதி வந்த பிறகுதான் நம் நாட்டிலே இதற்கொரு வரம்பு ஏற்பட்டது. முன்னோர் பூசிய வண்ணம் என்பதற்காக நஞ்சு அமுதாகிவிடுமா?

கரிசலின் வறண்ட காற்றிலே பலகைகள் சுருங்கின. நிலம் வெடித்ததுபோலவே மூட்டுகளும் வாய் பிளந்தன. அந்த இடைவெளியைச் சிமெண்டுபோல் இறுகும் பொருளால் அடைப்பது அறியாமை. நீரில் இறங்கியதும் மரம் ஊறி விரியும், இடைவெளி இறுகிக் கிடந்தால் பலகை பலகையைத் தள்ளும், வங்குகள் தெறிக்கும். எனவே மென்மையான பஞ்சைத் திரித்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு மூட்டுகளில் செலுத்தி, எண்ணெயில் குழைத்த குங்கிலியம் பூசுகிறார்கள். இதுதான் கலப்பற்று. பஞ்சு எந்தப் பஞ்சு தெரியுமா? கரிசல் விளைவித்த பஞ்சு! கடலைக் காணாத உழவனின் உழைப்பு கடலோடியின் உயிரைக் காக்கிறது.

வேலை பாதி நடந்தபோது நண்பரின் சித்தப்பா வேம்பாரிலிருந்து வந்தார். எழுபது கடந்தவர், கடலை அளந்தவர். வள்ளத்தைச் சுற்றி வந்தார். புதுப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். கழற்றிப் போட்டிருந்த பழைய பலகைகளின் அருகே வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டார்: "தம்பி, பாதிக்கு மேலே மாத்திட்டியே. இது இன்னும் எங்க அண்ணன் வள்ளம்தானா?"

நண்பரால் விடை சொல்ல முடியவில்லை. நம்மாலும்தான்.

தோழர்களே! கல்லூரி வாயிலை மிதியாத அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி, கிரேக்க அறிஞர்களைத் திணற அடித்த கேள்வி. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் காத்து வந்தார்களாம். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார்களாம். எல்லாம் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டதைப் புளூடார்க் எழுதி வைத்தார். ஆங்கில நாட்டு ஹாப்ஸ் 1655ஆம் ஆண்டிலே சிக்கலை இன்னும் முறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

பொருள்தான் அடையாளம் என்பாரும் உளர். அவர்கள் சுவீடன் நாட்டு வாசாவைப் பார்க்கட்டும். 1628ஆம் ஆண்டு முதற்பயணத்திலேயே மூழ்கிய போர்க்கப்பல். 1961ஆம் ஆண்டு வெளியே எடுத்தார்கள். பெரும்பகுதி பழைய மரமேதான். ஆனால் அது காட்சிக்கூடத்திலே நிற்கிறது; ஒருநாளும் மிதக்காது.

கட்டும் முறைதான் அடையாளம் என்பாரும் உளர். அவர்கள் ஜப்பானைக் காட்டுவர். இசே என்னுமிடத்துக் கோயிலை இருபதாண்டுக்கொருமுறை புதிய மரத்தால் அப்படியே மீண்டும் கட்டுகிறார்கள். 2013ஆம் ஆண்டிலும் கட்டினார்கள். அங்கே வணங்கப்படும் கடவுள் நமக்குப் பொருட்டல்ல. கைமாறி வரும் தச்சுத்திறன் பொருட்டு. மரம் முழுதும் புதிது, திறன் பழையது.

நோக்கம்தான் அடையாளம் என்பாரும் உளர். இவர்களுக்குச் சான்று கரிசலிலேயே உண்டு. ஒட்டப்பிடாரத்திலே பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பின்னாளில் அதே மனிதர் இந்தக் கோவில்பட்டியிலே வழக்கறிஞராக வாழ்க்கை நடத்தினார். கப்பல்களின் ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை. எனினும் அந்தப் பயணம் முடிந்துவிட்டதென்று யார் சொல்வர்?

இங்கேயும் எச்சரிக்கை தேவை. நோக்கம் எல்லாம் நல்ல நோக்கமா? ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் நோக்கம் இருந்தது. அத்தகைய கப்பலொன்றைப் பழுதுபார்த்து, "முன்னோர் நோக்கத்தைக் காத்தோம்" என்று மார்தட்ட முடியுமா? ஆக, "இது அதுதானா?" என்னும் கேள்வி மட்டும் நம்மைக் கரை சேர்க்காது. "இது மிதக்குமா? யாரைச் சுமக்கும்? யாரைத் தள்ளும்?" என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வி வெகு விரைவிலே வள்ளத்துக்குள்ளேயே வந்து நின்றது.

கலப்பற்று வேலையிலே கைதேர்ந்தவள் நண்பரின் மகள், பதினாறு வயது. விரல் மெலிது; கவனம் கூர்மை. ஒருநாள் உட்பக்க மூட்டைப் பார்க்க அவள் வள்ளத்துக்குள் ஏறினாள். பெரியவர் பதறினார்: "இறங்கு தாயி! பொம்பளப்பிள்ள வள்ளத்துல காலு வைக்கக் கூடாது. கடல் பொறுக்காது."

மகள் இறங்கவில்லை, தந்தையைப் பார்த்தாள். அவரோ தரையைப் பார்த்தார். பிறகு நம்மைத் தனியே அழைத்துச் சொன்னார்: "பலகையை மாற்றிவிட்டேன், ஆணியை மாற்றிவிட்டேன், வண்ணத்தையும் மாற்றப் போகிறேன். இந்த வழக்கத்தையும் விட்டுவிட்டால், அப்பாவின் வள்ளத்திலே அப்பாவுடையது என்று என்ன மிஞ்சும்?"

எள்ளி நகையாடக்கூடிய சொல்லன்று அது. ஊர்தோறும், வீடுதோறும், பழமையைக் காப்போர் நெஞ்சிலே உறையும் அச்சம் அது. வெறும் வசைமொழியால் அதை விரட்ட முடியாது. விடை தர வேண்டும்.

நாம் சொன்னோம்: மரத்துக்குப் பிடித்த அதே குத்தூசியை வழக்கத்துக்கும் பிடியுங்கள். இந்தப் பலகை எந்தப் பாரத்தைத் தாங்குகிறது? பெண் ஏறாத வள்ளங்கள் புயலிலே கவிழாமல் இருந்தனவா? உங்கள் தந்தை பிடித்த மீனைக் கரையிலே வாங்கிக் கூடையிலிட்டு, வெயிலிலே ஊர் ஊராகச் சுமந்து விற்றவர் உங்கள் தாய். மீனைச் சுமந்த தலைக்கு இல்லாத தீட்டு, படகைத் தொடும் காலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இதே மன்னார் வளைகுடாவிலே, பாம்பன் பகுதிப் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பம் காக்கிறார்கள். அவர்களுள் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒருவர் 2015ஆம் ஆண்டு சீகாலஜி என்னும் உலகப் பரிசு பெற்றார். கடல் அவர்களைப் பொறுத்துக்கொண்டதே! கடலுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் தெரியாது. காற்றும் நீரோட்டமும்தான் அதற்குத் தெரியும்.

"மாற்றினால் நம்முடையது போய்விடுமே" என்கிறீர்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. நம் ஊரின் பெருமை என்கிறோம். நிலக்கடலையோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்! 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, சில எழுத்துகளின் வடிவம் மாறியது, தமிழ் அழிந்துவிட்டதா? பண்பாடென்பது என்றுமே பலகை பலகையாக மாறிவந்த கலம்தான். மாறிய பலகைகளை நாம் மறந்துவிட்டோம். அதனால் இன்றுள்ள பலகையே ஆதிப்பலகை என்று எண்ணிக்கொள்கிறோம்.

இதைச் சொன்ன நாம், நம் அணியின் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெரியவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக அவரை அறியாமையின் உருவமென்று ஒதுக்கிவிட்டால், நாமே ஏமாளிகள். வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது திரும்பும், எந்தத் திரும்பலிலே வள்ளத்தைக் கரைசேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எந்த மரம் வங்குக்கு ஏற்றது, எந்தக் கணுவிலே ஆணி பிளக்கும் என்பது தெரியும். தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்துச் சோதித்துச் சேர்த்த அறிவு அது. குத்தூசியை எதிர்த்து நிற்கும் வைரப்பலகை அது. உளுத்த பலகை ஒன்றைக் கண்டதும் கலம் முழுவதையும் விறகாக்குபவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆய்ந்து பார்க்கச் சோம்பியவன். எல்லாவற்றையும் காப்பவனும் ஆய்வதில்லை. எல்லாவற்றையும் எரிப்பவனும் ஆய்வதில்லை. இருவரும் ஒரு வகையிலே உடன்பிறப்புகளே!

இவ்விருவரையும்விடத் தந்திரசாலி ஒருவன் உண்டு; அவன் வண்ணம் பூசுபவன். உளுத்த பலகையை எடுக்காமல், "இதற்குள்ளே அறிவியல் இருக்கிறது" என்று புதுப்பூச்சு பூசுகிறான். ஈரமும் பூஞ்சணமும் அப்படியே இருக்கும். மேலே மட்டும் மினுக்கு. அந்த வண்ணத்தை நம்பிக் கடலிலே இறங்குபவன் கதி என்ன?

ஓடத்தைப் பற்றிப் புத்தர் சொன்ன உவமையையும் நண்பருக்கு நினைவூட்டினோம். ஆற்றைக் கடக்க உதவிய தெப்பத்தை, நன்றியின் பெயரால் தலையிலே சுமந்து ஊருக்குள் நடப்பவன் அறிவாளியா என்று கேட்டார் அவர். கடலைக் கண்டறியாத கரிசல் முற்றத்திலே, வண்ணம் பூசி, மாலை சூட்டி வள்ளத்தை நிறுத்தினால், அதுவும் தெப்பத்தைத் தலையிலே சுமப்பதுதான். கொற்கைப் பெருந்துறையைப் பாருங்கள். முத்துக்குப் பேர்போன அத்துறையை விட்டுக் கடல் விலகிப் போயிற்று. இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். பெருமை பேசிக்கொண்டிருந்தால் கடல் திரும்பி வராது. கலத்தைத்தான் கடலிருக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சென்ற மாசியிலே வள்ளத்தை மீண்டும் லாரியிலே ஏற்றினோம். வேம்பார்க் கரையிலே இறக்கியதும் மூட்டுகள் வழியே நீர் கசிந்தது. கூடியிருந்தோர் முணுமுணுத்தனர். பெரியவர் மட்டும் கலங்கவில்லை: "மரம் ஊறணும், பொறுங்க" என்றார். ஆழமில்லாத நீரிலே இரண்டு நாள் கட்டிவைத்தோம். பலகை விரிந்தது; பஞ்சு இறுகியது; கசிவு நின்றது.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண் வள்ளத்திலே ஏறினாள். பெரியவர் "ஏறு" என்று சொல்லவில்லை. "ஏறாதே" என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கரையிலே நின்றார். பிறகு தாமும் ஏறிச் சுக்கானைப் பிடித்தார். அவர் மனம் மாறிவிட்டதென்று நாம் கதை கட்டப்போவதில்லை. கடலுக்குள் செல்லும்போது அவளுக்குக் காற்றின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனார். அவ்வளவே நாம் அறிந்தது.

அது அண்ணன் வள்ளம்தானா? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. அவர் மகன் துடுப்புப் போட, அவர் பேத்தி நீர் இறைக்க, அவர் தம்பி சுக்கான் பிடிக்க, வள்ளம் மிதந்து சென்றது.

தோழர்களே! உங்கள் வீட்டு முற்றத்திலும் முன்னோர் விட்டுச்சென்ற கலமொன்று கிடக்கும். அதை வணங்கவும் வேண்டாம்; எரிக்கவும் வேண்டாம்; வண்ணம் பூசி மறைக்கவும் வேண்டாம். குத்தூசியை எடுங்கள். பலகை பலகையாகக் கேளுங்கள்: நீ யாரைத் தாங்குகிறாய்? யாரைத் தள்ளுகிறாய்? தாங்கும் பலகை எவ்வளவு பழையதாயினும் இருக்கட்டும். தள்ளும் பலகை, தந்தையே அறைந்த பலகையாயினும், கழற்றப்படட்டும்!